சதாப்தி நாடகக் குழுவும் மூன்றாம் அரங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதாப்தி எந்த ஊர்க் குழு? எப்போது தொடங்கியது?

கொல்கத்தாக் குழு. நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1967இல் தொடங்கினார். வங்காளியில் அந்தச் சொல்லுக்கு நூற்றாண்டு என்று பொருள். அதே பெயரில் ஓடும் ரயிலுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரயில் வந்தது 1988இல்தான்.

தொடக்கத்தில் சதாப்தியும் மற்றக் குழுக்களைப் போல வாடகை அரங்கில் திரை, விளக்கு, செட்டு எல்லாம் வைத்துத்தான் நாடகம் போட்டது. இன்று நாம் பேசும் சதாப்தி, மேடையை விட்டு இறங்கி ‘மூன்றாம் அரங்கு’ என்ற முறையில் நடித்த சதாப்தி, 1971க்குப் பிறகு உருவானது.

பாதல் சர்க்கார் முழுநேர நாடகக்காரரா?

இல்லை. இயற்பெயர் சுதீந்திர சர்க்கார். 1925 ஜூலை 15இல் கொல்கத்தாவில் பிறந்தவர். சிப்பூர் பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து, நகரத் திட்டமிடல் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். லண்டனிலும் நைஜீரியாவிலும் இருந்திருக்கிறார். புகழ்பெற்ற நாடகங்களில் சில நைஜீரியாவில் இருந்தபோது எழுதியவை.

எழுத்தின் தொடக்கம் நகைச்சுவை நாடகங்கள். ‘ஏபங் இந்திரஜித்’ (தமிழில் ஏவம் இந்திரஜித் என்று எழுதுகிறோம்) 1963இல் எழுதப்பட்டது. 1965இல் மேடைக்கு வந்தது. அதன் தொடக்கத்தைக் கவனித்தால் பின்னால் வரப்போவது அங்கேயே தெரியும். எழுத்தாளன் பாத்திரத்துக்கு எழுத எதுவும் கிடைக்கவில்லை. எழுதியதைக் கிழிக்கிறான். பார்வையாளர் பக்கம் நான்கு பேர் தாமதமாக வந்து இடம் தேடுகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு மேடையேற்றிப் பெயர் கேட்கிறான். அமல், பிமல், கமல். நான்காமவர் நிர்மல் என்கிறார். இருக்கவே முடியாது, உண்மைப் பெயரைச் சொல் என்று எழுத்தாளன் கத்துகிறான். அப்போதுதான் இந்திரஜித் என்ற பெயர் வெளிவருகிறது. படச்சட்ட மேடைக்காக, அதாவது முன்பக்கம் மட்டும் திறந்த புரொசீனிய மேடைக்காக, எழுதிய நாடகம்தான். ஆனாலும் ஆளைக் கூப்பிட்டது பார்வையாளர் வரிசையிலிருந்து.

அவருக்கு முன் வங்காள நாடகம் எப்படி இருந்தது?

வலுவாக இருந்தது. வங்கப் பஞ்சத்தைப் பற்றி பிஜன் பட்டாச்சார்யா எழுதிய ‘நபான்ன’ 1944இல் இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மேடையேற்றமாக வந்தது. 1948இல் சம்பு மித்ராவின் பஹுரூபி. 1959இலிருந்து மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் லிட்டில் தியேட்டர் குரூப். 1960இல் நாந்திகார். வணிக நாடகத்திலிருந்து விலகிய இந்த அலைக்கு ‘குரூப் தியேட்டர்’ என்று பெயர். உறுப்பினர்கள் பகலில் அலுவலகம் போய்விட்டு மாலையில் ஒத்திகைக்கு வருவார்கள். பாதல் சர்க்காரின் ‘பாகி இதிஹாஸ்’, ‘பாக்லா கோடா’ போன்றவற்றைப் பஹுரூபியே மேடையேற்றியது.

ஆகவே, வாய்ப்புக் கிடைக்காதவர் தெருவுக்கு வந்தார் என்று சொல்வது தவறு. நாட்டின் முன்னணி நாடகாசிரியர்களில் ஒருவராக இருந்தபோது, 1968இல் சங்கீத நாடக அகாதமி விருதும் பெற்ற பிறகுதான் மேடையை விட்டு இறங்கினார்.

அப்படியானால் மேடையை ஏன் விட்டார்? செலவு கட்டுப்படியாகவில்லையா?

செலவு ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் அதுவல்ல. ‘ஏழைகளின் நாடகம்’ என்று சுருக்கிச் சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

அவருடைய கேள்வி இது: சினிமாவால் முடியாத எதை நாடகத்தால் செய்ய முடியும்? பெரிய காட்சி, போர், மழை, நகரம் எல்லாவற்றையும் சினிமா இன்னும் நன்றாகக் காட்டிவிடும். நாடகத்தில் மட்டும் இருப்பது ஒன்றுதான். உயிருள்ள மனிதர், உயிருள்ள மனிதருக்கு எதிரே, அதே நேரத்தில் அதே இடத்தில் இருக்கிறார். அப்படிப் பார்த்தால் நாடகத்தில் நான்கு திசைத் தொடர்பு இருக்கிறது: நடிகரிடமிருந்து நடிகருக்கு, நடிகரிடமிருந்து பார்வையாளருக்கு, பார்வையாளரிடமிருந்து நடிகருக்கு, பார்வையாளரிடமிருந்து பார்வையாளருக்கு. படச்சட்ட மேடை என்ன செய்கிறது? அரங்கை இருட்டாக்குகிறது. நடிகர் கண்ணில் விளக்கு அடிக்கிறது. எதிரே யார் இருக்கிறார் என்றே அவருக்குத் தெரியாது. பார்வையாளர் முன்வரிசைக்காரரின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். நான்கில் கடைசி இரண்டு அநேகமாகச் செத்துவிடுகின்றன. இரண்டாவதும் பாதி உயிரோடுதான் இருக்கிறது.

விளக்கை எல்லார் மேலும் போட்டு, மேடையைத் தரைக்கு இறக்கி, பார்வையாளரை நடுவில் உட்கார வைத்தால் நான்கும் திரும்பி வரும். அப்படிச் செய்த பிறகு பார்த்தால் செட்டு தேவையில்லை, ஒளியமைப்பு தேவையில்லை, ஒலிபெருக்கி தேவையில்லை. செலவு தானாகக் குறைந்தது. செலவு குறைந்ததால் டிக்கெட் தேவையில்லாமல் போனது. வரிசை இதுதான்.

வெளிநாட்டுத் தாக்கம் எவ்வளவு?

கணிசமானது. 1950களின் இறுதியில் லண்டனில் வட்ட அரங்கில் நடந்த நாடகங்களைப் பார்த்தார். 1969இல் சோவியத் ஒன்றியம், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா போனபோது மாஸ்கோவில் நாடக இயக்குநர் லியூபிமோவின் வேலையையும் போலந்தில் நாடக இயக்குநர் குரோட்டோவ்ஸ்கியின் வேலையையும் பார்த்தார். 1972இல் அமெரிக்க நாடக இயக்குநர் ரிச்சர்டு ஷெக்னரின் அழைப்பில் அமெரிக்கா போனார். லிவிங் தியேட்டர் என்ற அமெரிக்கக் குழுவை நடத்திய ஜூலியன் பெக், ஜூடித் மாலினாவையும் அறிந்திருந்தார்.

எடுத்துக்கொண்டது பயிற்சி முறையையும் உடல்மொழியையும்தான். பேசிய விஷயம் சுந்தரவனமும் கொல்கத்தாப் பேருந்தும். 1971இல் கிடைத்த நேரு நல்கையின் ஆய்வுத் தலைப்பே கிராமத்தையும் நகரத்தையும் இணைக்கும் ஒருங்கிணைந்த அரங்குக்கான பட்டறை என்பதுதான்.

‘மூன்றாம்’ அரங்கு என்றால் முதலாவதும் இரண்டாவதும் எவை?

முதலாவது கிராமத்தின் மரபு அரங்கு: வங்காளத்தில் ஜாத்ரா போன்றவை. நான்கு பக்கமும் ஆள் உட்கார்ந்து பார்க்கும் வடிவம். மக்களோடு நெருக்கம் உண்டு, ஆனால் சொல்லும் கருத்து பெரும்பாலும் பழையது. இரண்டாவது ஆங்கிலேயர் காலத்தில் நகரத்தில் வந்த படச்சட்ட அரங்கு. கருத்து புதியதாக இருக்கலாம். காசு கொடுத்து வரும் நகரத்து நடுத்தர வர்க்கத்தைத் தாண்டி அது போகாது. இரண்டின் கலவையாக அல்லாமல், இரண்டின் பலமும் எதில் இருக்கிறது என்று தேடிப் போனதன் பெயர் மூன்றாம் அரங்கு. 1978இல் இதே தலைப்பில் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். நெகிழ்வாக மாற்றக்கூடியது, கையில் எடுத்துச் செல்லக்கூடியது, செலவு குறைந்தது என்ற மூன்று பண்புகளை அவர் வலியுறுத்தினார்.

ஜாத்ராவின் மெட்டையும் உடையையும் ஒட்டவைத்தால் மூன்றாம் அரங்கு ஆகிவிடும் என்று நினைத்துச் செய்த முயற்சிகள் பிற்காலத்தில் நிறைய வந்தன. அவற்றில் பல, இரண்டாம் அரங்குக்கு நாட்டுப்புற வேட்டி கட்டியவைதான்.

‘அங்கன்மஞ்ச’ என்றால் என்ன? அது ஒரு கட்டடமா?

முற்ற மேடை என்று பொருள். கட்டடத்தின் பெயரல்ல, ஒரு முறையின் பெயர்: ஏதாவது ஒரு அறை, மேடை கிடையாது, நடிகரும் பார்வையாளரும் ஒரே தளத்தில். பூங்காவிலும் தெருவிலும் செய்வதற்கு முக்த மஞ்ச, அதாவது திறந்த மேடை, என்று பெயர்.

முதல் சோதனை 1971 அக்டோபரில். ‘சாகினா மஹதோ’வை மேடைக்கு என்று எழுதி வைத்திருந்தார்கள். அதை ஆசிரியர் சங்க அரங்கு ஒன்றில் தரையில் இறக்கினார்கள். அடுத்து, ரோமாபுரி அடிமைக் கிளர்ச்சி பற்றிய ஹோவர்டு பாஸ்டின் நாவலிலிருந்து எழுதிய ‘ஸ்பார்ட்டகஸ்’ (1972). இது நேரடியாக முற்றத்துக்காகவே பிறந்தது. நுண்கலை அகாதமியின் மாடி அறை, பிறகு 1976இலிருந்து காலேஜ் சதுக்கத்துத் தியோசாபிகல் சங்க அரங்கு என்று இடங்கள் மாறின.

ஸ்பார்ட்டகஸில் பார்வையாளர்கள் சிறு சிறு தொகுதிகளாக உட்கார்ந்தார்கள், இடையே சந்துகள். அடிமைகள் அந்தச் சந்துகள் வழியே உடம்பை இழுத்துக்கொண்டு போவார்கள். மூச்சு மேலே படும். தூணோ, கல்லோ, சிலுவையோ எதுவும் பொருளாக இல்லை, உடல்களே அவையாயின. மேடையில் இரண்டாயிரம் ரூபாய் செலவழித்துச் செய்த ரோமாபுரியைக் காட்டிலும் முழங்கையளவு தூரத்தில் வியர்க்கும் ஒரு முதுகு அதிகம் சொல்லும் என்பதுதான் அதன் கணக்கு.

அதுபோல ஒரு அறையில் செய்ய எவ்வளவு இடம் வேண்டும்?

40 அடிக்கு 25 அடி அறையை எடுத்துக்கொள்வோம். 1000 சதுர அடி. தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவருக்கு, கால் மாற்றிக்கொள்ளவும் சேர்த்து, 6 சதுர அடி வேண்டும். 80 பேருக்கு 480 சதுர அடி. மீதியில் நடுக்களம் 15 அடிக்கு 15 அடி, அதாவது 225 சதுர அடி. எஞ்சிய சுமார் 300 சதுர அடி சந்துகளுக்கும் வாசலுக்கும் சுவரோர நடைக்கும் போகும்.

சந்து 3 அடிக்குக் குறையக் கூடாது. இரண்டரை அடியில் ஒருவர் நடக்கலாம், ஓட முடியாது. ஓடினால் யாருடைய விரலையாவது மிதிப்பார். தரையில் உட்காருகிறவர்கள் மூன்று வரிசைக்கு மேல் போனால் நான்காம் வரிசைக்குத் தரையில் படுக்கும் நடிகர் தெரியமாட்டார். அதற்கு மேல் ஆள் வந்தால் பின்னால் பெஞ்சு போடுங்கள், அதற்கும் பின்னால் நிற்க வையுங்கள். நாற்காலி வேண்டாம். நாற்காலி போட்ட உடனே எல்லோரும் ஒரு திசையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். திருப்பிப் போடவும் கூச்சப்படுவார்கள்.

விளக்கு: கூரையிலிருந்து சமமாக விழும் வெள்ளொளி போதும். ஒரே இடத்தில் பளிச்சென்று போடாதீர்கள். பார்வையாளர் முகம் நடிகருக்குத் தெரிய வேண்டும், எதிர்ப்பக்கப் பார்வையாளர் முகம் இந்தப் பக்கத்தாருக்கும் தெரிய வேண்டும். எதிரே ஒருவர் கண் கலங்குவதைப் பார்ப்பதும் நாடகத்தின் பகுதிதான். மின்விசிறியை முன்கூட்டியே ஓடவிட்டுச் சோதியுங்கள். பழைய விசிறியின் இரைச்சல் மெல்லிய குரல் வசனம் முழுவதையும் தின்றுவிடும்.

‘மிச்சில்’ பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதில் அப்படி என்ன?

மிச்சில் என்றால் ஊர்வலம். 1974இல் முதலில் நிகழ்த்தப்பட்டது. இருட்டில் தொடங்கும். யாரோ அலறுகிறார்கள். மின்வெட்டு என்று ஒரு குரல், கொலை என்று இன்னொரு குரல். வெளிச்சம் வந்ததும் போலீஸ் அதிகாரி வருகிறார்: யாரும் சாகவில்லை, எதுவும் நடக்கவில்லை, வீட்டுக்குப் போங்கள். அப்போது கோக்கா என்ற பையன் எழுந்து, செத்தது நான்தான் என்கிறான். இன்று செத்தேன், நேற்றும் செத்தேன், நாளையும் சாவேன். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

மறுபக்கம் ஒரு கிழவர் வீட்டுக்கு வழி தேடி அலைகிறார். சின்ன வயதில் வழி தவறியவர். இருவருக்கும் நடுவே ஊர்வலங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன: அரசியல் ஊர்வலம், பக்தி ஊர்வலம், கோரிக்கை ஊர்வலம். தனிப் பெயரே இல்லாத ‘ஒன்று’ முதல் ‘ஆறு’ வரையான கோரஸ்காரர்கள்தான் அத்தனையும் ஆகிறார்கள். ஒரு நொடியில் பேருந்து, அடுத்த நொடியில் பஜனை கோஷ்டி. உண்மையான ஊர்வலம், வீட்டுக்குக் கூட்டிப்போகும் ஊர்வலம், ஒன்று எங்கோ வரப்போகிறது என்று கிழவரும் பையனும் காத்திருக்கிறார்கள். இறுதியில் பார்வையாளர்களின் கையையும் பிடித்து எழுப்பி ஊர்வலத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

இதற்காகவே இருக்கையை வளைந்து வளைந்து போகும் பாதை போல அமைத்தார்கள். வட்டமாக உட்கார வைத்தால் இந்த நாடகம் கெட்டுவிடும். ஊர்வலம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து, முகத்துக்கு முன்னால் போய், மறுபடி முதுகுக்குப் பின்னால் மறைய வேண்டும். கொல்கத்தாவில் தெருவில் நிற்பவனுக்கு ஊர்வலம் அப்படித்தான் தெரியும்.

கர்சன் பூங்காவில் சதாப்தி நாடகத்தின்போது போலீஸ் ஒருவரைக் கொன்றது என்கிறார்களே?

பாதிதான் சரி. 1974 ஜூலை 20 அன்று கொல்கத்தாவின் கர்சன் பூங்காவில் நடந்த எதிர்ப்புக் கலைநிகழ்ச்சியில் போலீஸ் அடித்ததில் பிரபீர் தத்தா என்ற இளைஞர் இறந்தார். அது சதாப்தி நாடகம் அல்ல. ஆனால் எஸ்பிளனேடுக்கு அருகே இருக்கும் அந்தப் பூங்காவில்தான் சதாப்தியும் மற்றச் சில குழுக்களும் திறந்தவெளியில் நாடகம் போட்டு வந்தன. மேலே சொன்ன ‘யாரும் சாகவில்லை, வீட்டுக்குப் போங்கள்’ அதே ஆண்டு நாடகம். அந்தக் காலத்துப் பார்வையாளருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இதை வைத்து யோசித்துக்கொள்ளலாம். பூங்காவின் அதிகாரப்பூர்வப் பெயர் சுரேந்திரநாத் பூங்கா. இரண்டு பெயரும் ஒரே இடம்.

கதையே இல்லாமல் ‘போமா’வை எப்படி உருவாக்கினார்கள்?

போமா சுந்தரவனத்துக் குடியானவர். காடழித்து நிலமாக்கப் போன குடும்பம். ரங்காபேலியா பள்ளித் தலைமையாசிரியராக இருந்த துஷார் காஞ்சிலால் சொன்ன செய்திகளிலிருந்து நாடகம் முளைத்தது. 1976இல் ரங்காபேலியாவிலேயே நிகழ்த்தப்பட்டது.

முதலில் பிரதி கிடையாது. உறுப்பினர்கள் தங்களைத் தைத்த விஷயங்களைக் கொண்டுவந்தார்கள்: விவசாயக் கடன், தண்ணீர் இறைக்கும் பம்பு, நகரத்து வேலையின்மை, செய்தித்தாள் துணுக்கு, அணு ஆயுதம். ஒவ்வொன்றையும் நடித்துப் பார்த்து, நின்றவற்றைச் சர்க்கார் எழுத்தில் கோத்தார். அதனால் நாடகம் துண்டு துண்டாக இருக்கும். இணைக்கும் நூல் போமாவின் பெயர். வழக்கமான அர்த்தத்தில் போமா ஒரு பாத்திரமாக வந்து கதை சொல்வதில்லை. நகரத்துக்காரர் தின்னும் ஒவ்வொரு கவளத்தின் பின்னாலும் அந்தப் பெயர் வந்து நிற்கும். மனித ரத்தம் மீனின் ரத்தம் போலக் குளிர்ந்துவிட்டதா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

புதிதாகப் போடுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை: போமாவுக்கு ஒரு நல்ல நடிகரைப் பிடித்து, கிழிந்த துணி கட்டி, இரக்கம் வரும்படி நடிக்க விடுவது. பார்வையாளர் அழுது முடித்து நிம்மதியாக வீட்டுக்குப் போவார். நாடகம் தடுக்கப் பார்த்ததே அந்த நிம்மதியைத்தான்.

1979இன் ‘பாசி கபர்’ (பழைய செய்தி) இதே முறையில், 1855-56 சந்தால் கிளர்ச்சியை வைத்துக் குழுவாகச் செய்தது. கட்டுப் போட்ட ஒரு செத்த மனிதன் நாடகம் முழுக்க வந்து நிற்பான்.

பட்டறையில் என்னதான் செய்வார்கள்? நாங்களே நடத்தலாமா?

நடத்தலாம். 12 முதல் 20 பேர் சரியான எண்ணிக்கை. 30ஐத் தாண்டினால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பொதுவான ஓட்டம் இப்படி இருக்கும்:

முதல் கட்டம் நம்பிக்கைப் பயிற்சி. வட்டமாக எட்டுப் பேர் தோளோடு தோள் நிற்க, நடுவில் ஒருவர் கண்ணை மூடி விறைப்பாகச் சாய்வார். மற்றவர்கள் தாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். தாங்குகிறவர்கள் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து நிற்க வேண்டும். இரண்டு காலையும் சேர்த்து நின்றால் கனமான ஆள் சாயும்போது இருவரும் விழுவார்கள். அடுத்து, ஒருவர் கண்ணைக் கட்டி இன்னொருவர் பேசாமல் விரலால் வழிநடத்துவது.

இரண்டாவது, உடம்பால் பொருள் செய்வது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு இயந்திரம்: ஒவ்வொருவருக்கும் ஒரு அசைவு, ஒரு ஓசை. ஓடவிட்டு, வேகம் கூட்டி, உடையவிடுங்கள். பிறகு அதே ஐவர் காடு, நெருக்கடியான பேருந்து, நீதிமன்றம். வசனத்தை இந்தக் கட்டத்தில் அனுமதிக்காதீர்கள். பேச்சு வந்தால் உடம்பு ஓய்வெடுத்துக்கொள்ளும்.

மூன்றாவதாகத்தான் விஷயம். அன்று வந்த செய்தியோ ஒரு சம்பவமோ கொடுத்து, 20 நிமிடத்தில் 3 நிமிடக் காட்சி. செய்து முடித்ததும் உட்கார்ந்து பேச வேண்டும். நன்றாக இருந்தது, நன்றாக இல்லை என்ற மதிப்பெண் வேண்டாம். என்ன தெரிந்தது, எங்கே குழம்பியது என்று மட்டும் சொல்லலாம். இந்தப் பேச்சை நேரமில்லை என்று தள்ளிவிட்டால் பட்டறை வெறும் உடற்பயிற்சி வகுப்பாகிவிடும். பெரும்பாலான பட்டறைகளுக்கு நேர்வது அதுதான்.

திறந்தவெளியில் எவையெல்லாம் கெடும்?

முதலில் வட்டம் சுருங்கும். 30 அடிக் களத்தோடு தொடங்கினால் 15 நிமிடத்தில் 20 அடி ஆகும், ஏனென்றால் பின்னால் இருப்பவர்கள் தள்ளுவார்கள். முதல் இரண்டு வரிசையை உட்கார வைத்துவிட்டால் நிற்கும். கயிறு கட்டாதீர்கள், கயிறு வந்ததும் அது மறுபடி மேடையாகிவிடும்.

குரல் அடுத்த சிக்கல். ஒலிபெருக்கி இல்லாமல் ஐந்தாறு வரிசை, சுமார் 200 பேர் வரை எட்டலாம். வட்டத்தில் எப்போதும் பாதிப் பேருக்கு உங்கள் முதுகுதான் தெரியும். அதனால் முக்கியமான சொல்லை எதிர்ப்பக்கத்துக் கோரஸ் திருப்பிச் சொல்லும்படி எழுதுங்கள். சதாப்தி நாடகங்களில் இத்தனை எதிரொலியும் கூட்டுக்குரலும் இருப்பது அழகுக்காக மட்டுமில்லை. காற்று வீசும் திசைக்கு எதிராகப் பேசினால் தொண்டை ஒரே மாலையில் போய்விடும். தனி வசனக்காரரைக் காற்று வரும் பக்கம் நிறுத்துங்கள்.

மாலை ஐந்து மணிக் காட்சி என்றால் மேற்குப் பக்கம் பார்வையாளரை உட்கார வைத்து, வெயில் அவர்கள் முதுகில் படும்படி பாருங்கள். தேநீர்க் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் பக்கத்தில் ஆள் எளிதாகச் சேரும், ஆனால் நிற்காது. 30 அடி தள்ளிப் போனால் வருகிறவர் தங்குவார்.

டிக்கெட் இல்லாமல் குழு எப்படிப் பிழைத்தது?

யாருக்கும் சம்பளம் இல்லை. எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. நாடகம் முடிந்ததும் துணி விரித்தோ பையை ஏந்தியோ வாங்குவார்கள், விருப்பமிருந்தால் போடலாம். செலவும் அந்த அளவுதான்: அன்றாட உடை, ஒப்பனை இல்லை, போக்குவரத்தும் தேநீரும்.

துணியை முதலில் விரிக்காதீர்கள். கடைசியில், விளக்கம் ஏதும் சொல்லாமல் நீட்டுங்கள். ஐந்து நிமிட வேண்டுகோள் உரை நாடகத்தின் கடைசிக் காட்சியை அழித்துவிடும். இந்த முறைக்கு விலை உண்டு: குழந்தை பிறந்தவர், வேலை மாற்றலானவர், தொடர்ந்து வர முடியாமல் போவார். ஆறு பேருக்கு எழுதிய நாடகத்துக்கு எட்டுப் பேர் பழகி வைத்திருப்பது நல்லது.

‘கிராம பரிக்ரமா’ என்பது?

சதாப்தியும் பதசேனா, ஆய்னா போன்ற தோழமைக் குழுக்களும் 1980களில் செய்த நடைப்பயணங்கள். ஊர் ஊராக நடந்து போய் நாடகம் போட்டு, அங்கேயே தங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டு, அடுத்த ஊர். செட்டு இருந்திருந்தால் இது சாத்தியமே இல்லை.

இதுவும் வீதி நாடகமும் ஒன்றுதானே?

இடம் ஒன்றாக இருக்கலாம். சஃப்தர் ஹஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச் போன்ற வீதி நாடகக் குழுக்கள் ஒரு போராட்டத்தின் நடுவே, அரைமணி நேரத்தில், தெளிவான நிலைப்பாட்டோடு பேசின. சதாப்தி நாடகம் அநேகமாக நீளமானது, கேள்வியோடு முடிவது, அறைக்குள்ளும் நடப்பது. சர்க்கார் இளமையில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து விலகியவர். பிறகு எந்தக் கட்சிக்கும் குழுவைக் கொடுக்கவில்லை.

அதனாலேயே இரண்டு பக்கமும் அடி விழுந்தது. முழு அரசியல் இல்லை என்றது இடதுசாரி நாடக உலகின் ஒரு பகுதி. கலை போய்ப் பிரசாரம் வந்துவிட்டது என்றார்கள் அவருடைய பழைய நாடகங்களை ரசித்தவர்கள். பார்வையாளர்கள் கடைசிவரை பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்களே என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. பரிக்ரமாவுக்கு அதுவும் ஒரு தூண்டுதல்.

வங்காளத்துக்கு வெளியே என்ன ஆனது?

நாடகங்களும் பட்டறைகளும் தனித்தனியே பயணித்தன. மணிப்பூரில் ஹெய்ஸ்னம் கன்ஹைலால் 1970களின் தொடக்கத்தில் அவருடைய பட்டறையில் கலந்துகொண்டு, பிறகு முற்றிலும் வேறான உடல்மொழியை உருவாக்கினார். லாகூரில் மதீஹா கௌஹர் தொடங்கிய அஜோகா குழுவின் முதல் நாடகம், 1984இல், ராணுவ ஆட்சிக்கு நடுவே, மிச்சிலின் வடிவமான ‘ஜுலூஸ்’. அரங்கு கிடைக்காத நிலையில் வீட்டுப் புல்வெளியில் போட்டார்கள்; அந்த நாடகத்துக்கு அது குறையே இல்லை. தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டல ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பட்டறை. தமிழ் நவீன நாடகக்காரர்கள் பலர் படச்சட்ட மேடையை விட்டு வெளியே யோசிக்கத் தொடங்கியதில் அதற்குப் பங்கு உண்டு.

பாதல் சர்க்கார் விருதுகளை மறுத்தவரா?

1972இல் பத்மஸ்ரீ பெற்றார். 2010இல் பத்மபூஷணை ஏற்கவில்லை. 2011 மே 13இல் கொல்கத்தாவில் காலமானார்.

முதலில் எந்த நாடகத்தை எடுத்துப் போடலாம்?

மிச்சிலில் தொடங்காதீர்கள்; பெயர் பெற்றது என்பதால் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள், பழகாத கோரஸ் பத்து நிமிடத்தில் சிதறிவிடும். ‘ஹட்டமாலார் ஓபாரே’ (1977) நல்ல தொடக்கம். பிரேமேந்திர மித்ரா, லீலா மஜும்தார் கதையை ஒட்டியது. கேனா, பேச்சா என்று இரண்டு திருடர்கள். வங்காளியில் வாங்குவதும் விற்பதும் என்று பொருள். துரத்துகிறவர்களுக்குப் பயந்து ஆற்றில் குதித்து, பணமே இல்லாத நாட்டில் கரையேறுகிறார்கள். கடையில் சாப்பிட்டுவிட்டு ஓடப் பார்க்கிறார்கள், யாரும் துரத்தவில்லை. திருடியதை விற்கப் போனால் வாங்க ஆளில்லை. குழந்தைகளும் பார்க்கலாம். தமிழில் செய்யும்போது இரண்டு திருடர்களின் பெயரை அப்படியே வைக்காமல், ‘கொள்ளல்’, ‘விற்றல்’ என்று ஒலிக்கும் பெயர்களாக மாற்றினால்தான் நகைச்சுவை எட்டும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு; இவருக்கு அது 2071 முடியும்வரை. மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருப்பதால் மொழிபெயர்ப்பாளரிடமும் கேட்க வேண்டும். பார்வையாளரிடம் காசு வாங்காமல் நிகழ்த்தும் தொழில்முறை அல்லாத குழுவுக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு; ஆனாலும் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. பொது இடத்தில் போடுவதானால் இடத்துக்கு உரிய நிர்வாகத்திடமும் உள்ளூர்க் காவல் நிலையத்திடமும் இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் விண்ணப்பித்து, முத்திரையிட்ட நகலை நாடகத்தன்று கையில் வைத்திருங்கள்.